மாட்டுத் தீவனத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்: பயனுள்ள குறிப்புகள்

ஆய்வகத்தில் புரதம் பார்க்க எடுத்துக்கொள்வது, அரைத்த தூளில் ஏறக்குறைய ஒரு கிராம். அந்த ஒரு கிராம் நீங்கள் அனுப்பிய அரைக் கிலோவிலிருந்து வருகிறது. அரைக் கிலோவோ ஒரு லாரி புண்ணாக்கிலிருந்தோ, அரை ஏக்கர் புல்லிலிருந்தோ, ஒரு வைக்கோல்போரிலிருந்தோ வருகிறது. ஆய்வகத்துக் கருவி எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் கவருக்குள் இருப்பதைத்தான் அளக்கும். அந்தக் கவரை நிரப்பும் வேலை தொழுவத்தில் நம் கையில் இருக்கிறது. அறிக்கையை நம்பி, காசு போட்டுத் தீவனம் மாற்றப்போகிறோம். பால் கறக்கிற மாட்டின் வயிறும் அந்தப் பாலைக் குடிக்கிற பிள்ளைகளும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆகவே மாதிரி எடுக்க அரை நாள் ஆனாலும் பரவாயில்லை, நிதானமாகச் செய்யுங்கள்.

1. எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பால் குறைகிறது, கொழுப்பு இறங்குகிறது என்றால் ஈரம், புரதம், நார், சாம்பல் பார்க்கும் பொதுப் பரிசோதனை போதும். சினை பிடிக்காமல் மாடு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தால் கால்சியம், பாஸ்பரஸ் முதலான தாதுக்களையும் பார்க்கச் சொல்லலாம். திடீரென்று தீவனத்தை மோந்துவிட்டு ஒதுக்கினால், பேதியானால், பூஞ்சை நச்சைச் சந்தேகிக்க வேண்டும். மாதிரியை எப்படி எடுப்பது, எதில் கட்டுவது, எத்தனை மணி நேரத்தில் சேர்ப்பது எல்லாமே இந்த முடிவைப் பொறுத்து மாறும். எடுத்து முடித்த பிறகு யோசித்தால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

2. முதல் நாளே எடுத்து வைக்க வேண்டியவை: கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் வாளி இரண்டு, சுத்தமான தார்ப்பாய், கத்தரிக்கோல், கருக்கருவாள், கெட்டியான ஜிப் கவர்கள், சமையலறைத் தராசு, பென்சில், அட்டைச் சீட்டு. பச்சைத் தீவனமோ சைலேஜோ என்றால் தெர்மாகோல் பெட்டியும் ஐஸ்கட்டியும் வேண்டும்.

3. யூரியா சாக்கு பக்கத்தில்கூட வரக் கூடாது. கிராமத்தில் புல் சுமப்பதும் தவிடு கட்டி வைப்பதும் பெரும்பாலும் காலி உரச் சாக்கில்தான். தினசரிப் புழக்கத்துக்கே அது நல்லதில்லை. மாதிரிக்கு அறவே ஆகாது. ஆய்வகம் புரதத்தை நேராக அளப்பதில்லை. தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். கணக்குப் போட்டால் யூரியாவின் ‘புரதம்’ 287 சதவீதத்தைத் தாண்டுகிறது! அரைக் கிலோ மாதிரியில் ஐந்து கிராம் யூரியா, அதாவது ஒரு தேக்கரண்டி ஒட்டிக்கொண்டாலே புரதம் மூன்று சதவீதம் அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். உரம் போட்ட கையைக் கழுவாமல் மாதிரியில் கைவிடுவதும், பூச்சிமருந்து டப்பாவைக் கழுவிப் பயன்படுத்துவதும் இதே வகைத் தவறுதான்.

4. மாடு எதைத் தின்கிறதோ அதை அனுப்புங்கள். வயலில் தளதளவென்று நிற்கும் நுனிக்கொழுந்தை ஒடித்து அனுப்பினால் அறிக்கை அழகாக இருக்கும். மாடு தின்பதோ அடித்தண்டும் சேர்ந்த புல். எந்த உயரத்தில் அறுத்துப் போடுகிறீர்களோ அதே உயரத்தில் அறுங்கள். வீட்டில் சாப் கட்டர் இருந்தால் மாதிரி எடுக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. இயந்திரம் ஓடும்போது சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, விழுந்த குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து வாளியில் போட்டுவாருங்கள். இலை, தண்டு, நுனி, அடி எல்லாம் தாமாகவே கலந்து வரும். ஓடுகிற இயந்திரத்தின் வாய்க்குக் கீழே மட்டும் கையை நீட்ட வேண்டாம்.

5. சாப் கட்டர் இல்லாதவர்கள் வயலில் எடுக்கும்போது கோணல்மாணலாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில் எடுக்க வேண்டும். மண் பரிசோதனைக்கு மண் எடுத்தவர்களுக்கு இந்த நடை பழக்கமாகியிருக்கும். வரப்போரம், வாய்க்கால் ஓரம், மரநிழல், எருக்குழிப் பக்கம், மாடு மூத்திரம் பெய்து கருகருவென்று வளர்ந்த திட்டு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பனி உலர்ந்த பிறகு எடுப்பது நல்லது. மழை பெய்த அன்றைக்கு வேண்டாம். வேரோடு பிடுங்கினால் மண் ஒட்டும், சாம்பல் அளவு தப்பாகும், அறுக்கத்தான் வேண்டும்.

6. ஒவ்வொரு தீவனத்துக்கும் தனிக் கவர். கம்பு நேப்பியரையும் வேலிமசாலையும் ஒன்றாகப் போட்டு அனுப்பினால் வருகிற சராசரி எதற்கும் உதவாது. அதே கம்பு நேப்பியரில்கூட 45 நாளில் அறுத்ததும் 70 நாள் முற்றியதும் வேறு வேறு தீவனம். முற்ற முற்றப் புரதம் இறங்கும், நார் ஏறும். கோ 4, கோ 5 என்று எந்த ரகமாக இருந்தாலும் இதுதான் நடக்கும். ரகத்தின் பெயரை வைத்துப் புரதத்தை ஊகிப்பதைவிட அறுத்த நாளை வைத்து ஊகிப்பது மேல்.

7. பச்சைத் தீவனத்தில் ஈரத்தைக் காப்பாற்றுவதில்தான் பாதி வெற்றி. பலர் கோட்டைவிடும் இடம் இது என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். அறுத்த கம்பு நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நூறு கிலோவில் இருபது கிலோதான் காய்ந்த பொருள். அந்தக் காய்ந்த பொருளில் பத்து சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ புல் போட்டால் 5 கிலோ காய்ந்த பொருள், அரைக் கிலோ புரதம் மாட்டுக்குப் போகிறது. அதே புல்லின் மாதிரி, கவரின் வாயை மூடாமல் பஸ்ஸில் வெயிலில் போய், எடை பாதியாகும் அளவுக்கு ஈரம் வற்றி ஆய்வகம் சேர்ந்தால்? ‘வந்த நிலையில் புரதம் 4 சதவீதம்’ என்று எழுதுவார்கள். அதை வைத்து நீங்கள் 25 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிலோ புரதம் என்று வரும். உண்மையில் போவது அரைக் கிலோ. புண்ணாக்கைக் குறைத்துவிடுவீர்கள், பால் விழுந்துவிடும், காரணமும் பிடிபடாது.

ஆகவே அறுத்த உடனே ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, கலந்து, ஒரு கிலோ அளவுக்கு ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். மேலே இன்னொரு கவர். நிழலில், ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

அன்றே ஆய்வகம் போக வழியில்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நறுக்கிய புல்லைச் சரியாக ஒரு கிலோ நிறுத்து, தார்ப்பாயில் நிழலில் பரப்பி, நொறுங்கும் பதம் வரும்வரை காயவைத்து, மறுபடி நிறுங்கள். இரண்டு எடையையும் சீட்டில் எழுதி, காய்ந்ததை அனுப்புங்கள். ஒரு இலைகூடப் பறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கோழியும் கிட்டே வரக் கூடாது. புரதம், நார், தாது பார்க்க இது போதும். அடுத்த குறிப்பில் வரும் சோளத்துக்கு மட்டும் இது உதவாது.

8. இளஞ்சோளத்தில் நச்சு இருக்கிறதா என்று பார்க்க மாதிரியைக் காயவைக்கவே கூடாது. பூக்காத இளம்பயிர், மழையில்லாமல் வாடி நிற்கும் பயிர், அறுத்த கட்டையில் புதிதாகத் துளிர்த்த மறுதாம்பு ஆகியவற்றில் ஹைட்ரோசயனிக் அமிலம் கூடுதலாக உண்டாகும். பசியோடு மேய்ந்த மாடு கொஞ்ச நேரத்திலேயே மூச்சுத் திணறி விழுந்துவிடும். இந்த நச்சு ஆவியாகிப் போகக்கூடியது. அதனால் காயவைத்து அனுப்பிய மாதிரி ‘நச்சில்லை’ என்று வரலாம். அதை நம்பிப் பச்சைப் பயிரில் மாட்டை விட்டால் உயிர் போய்விடும். இளந்துளிரும் இலையும் சேர்த்து அறுத்து, காற்றுப் புகாமல் மூடி, ஐஸில் வைத்து, அன்றைக்கே கொண்டு சேருங்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் பிக்ரேட் தாள் இருந்தால் அங்கேயே தோராயமாகச் சொல்லிவிடுவார்கள்: மஞ்சள் தாள் செங்கல் நிறமாக மாறினால் ஆபத்து. முடிவு வரும்வரை அந்தக் காட்டுப் பக்கம் மாட்டை ஓட்ட வேண்டாம்.

9. யூரியா நிறைய போட்ட மக்காச்சோளம், சோளம், நேப்பியரில் நைட்ரேட் தேங்கும். வறட்சியிலும் தொடர்ந்து மேகமூட்டமான நாட்களிலும் இது கூடும். இலையைவிடத் தண்டில், தண்டிலும் அடிப்பாகத்தில்தான் அதிகம். அடித்தண்டை விட்டுவிட்டு மாதிரி எடுத்தால் ஆபத்து கண்ணில் படாது. சாக்கடைத் தண்ணீர் பாயும் இடத்தில் புல் அறுப்பவர்கள் ஒரு முறையாவது நைட்ரேட்டும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் பார்த்துவிடுங்கள்.

10. வைக்கோல்போரில் மேலே மழையிலும் வெயிலிலும் கறுத்த தோலை மாடு தின்பதில்லை, நாமும் உதறிவிடுகிறோம். மாதிரியிலும் அது வேண்டாம். போரின் நான்கு பக்கமும், கை முழங்கை வரை உள்ளே போகிற ஆழத்தில் எடுங்கள். இயந்திரம் சுற்றிய கட்டு என்றால் பதினைந்து இருபது கட்டுகளையாவது தொட வேண்டும். ஈரத்தோடு சுற்றிய கட்டு வெளியே பொன்னிறமாகவும் நடுவில் பூசணம் பூத்தும் இருக்கும். ஆகவே கட்டை அவிழ்த்து, வெளிச்சுற்று, இடைச்சுற்று, நடு என்று மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். நெல் வைக்கோலில் புரதம் மூன்று நான்கு சதவீதம்தான் என்பது தெரிந்த கதை. அதற்காகக் காசு செலவழிப்பதைவிட, வைக்கோலையே பெரிதும் நம்பியிருக்கும் வீட்டார் கால்சியம், ஆக்சலேட் பார்க்கச் சொல்லலாம். ஆக்சலேட், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாட்டுக்குக் கிடைக்கவிடாது.

11. கடலைக்கொடியில் கவனம் வேண்டியது இலைக்கு. புரதம் இலையில்தான் இருக்கிறது, அந்த இலையோ தொட்டால் உதிரும். கொடியை உருவி எடுத்தால் கையில் வருவது வெறும் தண்டு. இலை போரடியில் கிடக்கும். கீழே தார்ப்பாயை விரித்து, அதன்மேல் கொடியை வைத்துக் கத்தரித்து, உதிர்ந்ததையும் கூட்டி அள்ளிக் கவரில் போடுங்கள். குதிரைமசால், முயல்மசால், காய்ந்த அகத்தி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள்.

12. மூட்டைத் தீவனத்தில் மேல்வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளுவது மாதிரி ஆகாது. லாரியில் குலுங்கி வரும்போது தூள் அடியில் இறங்கி, பருமனானது மேலே நிற்கும். தாது உப்பும் தூளோடு இறங்கிவிடும். நெல் மண்டியில் மூட்டையைக் குத்தி நெல் பார்க்கும் குத்தூசி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டையைப் படுக்கவைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காகக் குத்தி எடுங்கள். பத்து மூட்டைவரை இருந்தால் எல்லா மூட்டையிலும், அதற்கு மேல் இருந்தால் பத்துக்குக் குறையாமல், அடுக்கின் மேலும் கீழும் நடுவிலுமாகத் தேர்ந்து எடுங்கள். குத்தூசி இல்லாதவர்கள் மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டிப் புரட்டி எடுக்கலாம். குச்சித் தீவனத்தில் உதிர்ந்த தூளைச் சலித்து ஒதுக்காதீர்கள், அதுவும் காசு கொடுத்து வாங்கியதுதான்.

13. சேர்ந்த குவியலைக் கால்பங்கு முறையில் குறையுங்கள். தார்ப்பாயில் நன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்பி, சிலுவை போலக் கோடு கிழித்து நான்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டைக் கலக்க வேண்டும். அரைக் கிலோ வரும்வரை இப்படியே. இதில் ஒரு நுணுக்கம்: பங்கைக் கையால் அள்ளினால் தூள் விரலிடுக்கில் நழுவிக் கீழே தங்கிவிடும். முறத்தாலோ தகட்டாலோ அடியோடு வாரி, அந்தப் பங்கின் தூளையும் துடைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

14. இனிச் சொல்வதுதான் இந்தக் குறிப்புகளிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். கடலைப்புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, தேங்காய்ப்புண்ணாக்கு ஆகியவற்றில் பூஞ்சை நச்சு பார்க்க எடுக்கும் மாதிரி.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப்போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப்புண்ணாக்கும் அதில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சையும் அகப்பட்டன. அந்தப் பூஞ்சை விட்ட நச்சுக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். மாடு இதைத் தின்றால் ஒரு பகுதி எம்1 என்ற வடிவில் ஒரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. பாலில் இது ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பால் தெளிந்துவிடும் என்பது ஆறுதலான செய்தி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பானையில் எல்லா அரிசிக்கும் ஒரே கொதி. மூட்டையிலோ ஒரு மூலையில் ஈரம் பட்ட சில பருப்பில் மட்டும் நச்சு குவிந்திருக்கும், மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கும். ஒரே லோடில் ஒருவர் எடுத்த மாதிரி நல்லதென்றும் இன்னொருவர் எடுத்தது விஷமென்றும் வருவது இதனால்தான். ஆகவே அதிக இடங்களில் தொட்டு, இரண்டு மூன்று கிலோவாவது சேர்த்து, குறைக்காமல் முழுவதையும் அனுப்பி, ‘மொத்தமும் அரைத்துக் கலந்த பிறகு எடுத்துச் சோதியுங்கள்’ என்று எழுதிக்கொடுங்கள். வீட்டு மிக்ஸியில் அரைக்காதீர்கள். பூஞ்சைத் தூள் மூக்கில் ஏறாமல் இருக்கத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற பச்சைக் கட்டியைத் தனியாக இன்னொரு கவரில் போட்டு அனுப்பலாம். ஆனால் அந்தக் கட்டியை மட்டும் அனுப்பிவிட்டு ‘லோடு முழுக்க விஷம்’ என்று வியாபாரியிடம் சண்டைக்குப் போவது நியாயமில்லை. கட்டியே இல்லாததாகப் பொறுக்கி அனுப்பி மனதைத் தேற்றிக்கொள்வது அதைவிட மோசம்.

15. பூஞ்சைப் பரிசோதனைக்குப் போகும் தானியமும் புண்ணாக்கும் காய்ந்திருந்தால் காகிதக் கவரிலோ துணிப்பையிலோ கட்டுங்கள். பிளாஸ்டிக்கில் வியர்த்தால் வழியிலேயே பூஞ்சை வளர்ந்து, இல்லாத நச்சையும் கூட்டிவிடும். ஈரமாக இருந்தால் குளிர்பெட்டியில் உறையவைத்து ஐஸோடு அனுப்ப வேண்டும்.

16. சைலேஜ் என்கிற ஊறுகாய்ப்புல்லைக் குழி மூடிய ஒன்றரை மாதத்துக்குப் பிறகு எடுப்பது நல்லது. அதற்குள் புளிப்பு ஒரு நிலைக்கு வந்திருக்கும். குழியைத் திறந்தவுடன் மேலே தெரிவதை எடுக்காதீர்கள். அன்றாடம் வெட்டிப் போடுகிற ஆழத்துக்கு வெட்டித் தள்ளிவிட்டு, புதிதாகத் தெரியும் பக்கத்தில் எட்டுப் பத்து இடங்களில் எடுங்கள். உயரமான குழியில் சுவருக்கு அடியில் நின்று பறிக்க வேண்டாம். சரிந்தால் ஆள் மேலே விழும். வெட்டிக் கீழே தள்ளி, வெளியே கொண்டுவந்து எடுப்பதே பாதுகாப்பு. கவரில் இறுக்கி அமுக்கிக் காற்றைப் பிழிந்து, உடனே ஐஸில் வையுங்கள். காற்றுப் பட்டால் சில மணி நேரத்தில் குணம் மாறும். ஈரம், புரதம், நாரோடு பி.எச். அளவும் கேளுங்கள். மக்காச்சோள சைலேஜ் நன்றாக ஊறியிருந்தால் 4 என்ற எண்ணை ஒட்டி வரும்.

17. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் மரவள்ளித் திப்பி, பீர் ஆலைச் சக்கை போன்ற ஈரத் தீவனங்களும் சைலேஜ் போலத்தான்: அன்றே எடுத்து, அன்றே குளிரவைக்க வேண்டும். திப்பியில் மணல் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

18. தாது பார்க்கும் மாதிரிக்குத் துருப்பிடித்த அரிவாளும் துத்தநாகம் பூசிய வாளியும் ஆகாது. இரும்பும் துத்தநாகமும் கூடுதலாகக் காட்டும். எவர்சில்வர் கத்தரிக்கோல், பிளாஸ்டிக் வாளி போதும். தாது உப்புக் கலவையைத் தீவனத்தில் கலப்பதற்கு முன்பே தனியாக எடுத்துவிடுங்கள்.

19. எல்லாம் கலந்து ஒரே தீவனமாகப் போடுகிறவர்கள், தொட்டியில் கொட்டிய கையோடு, மாடு வாய் வைப்பதற்கு முன் தொட்டி நெடுகப் பத்து இடத்தில் எடுக்க வேண்டும். மாடு பொறுக்கித் தின்ற மிச்சம் வேறு தீவனம். மிச்சத்தையும் தனியாக அனுப்பிப் பார்த்தால், மாடு எதை ஒதுக்குகிறது என்பது விளங்கும்.

20. சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும். சீட்டை மாதிரியோடு சேர்த்துப் போடாமல் உள்கவருக்கும் வெளிக்கவருக்கும் நடுவில் வையுங்கள். தீவனத்தின் பெயர், ரகம், அறுத்த நாள், விதைத்து அல்லது முன்பு அறுத்து எத்தனை நாள், எத்தனையாவது அறுப்பு, உரம் போட்ட விவரம், வாங்கியதென்றால் மூட்டையில் அச்சிட்ட தொகுதி எண்ணும் தயாரித்த தேதியும், மாட்டுக்கு என்ன தொந்தரவு, என்ன பரிசோதனை வேண்டும் என்று எழுதினால் போதும். ‘மாட்டுத் தீவனம்’ என்று மட்டும் எழுதி வரும் கவரை வைத்துக்கொண்டு ஆய்வாளர் என்ன செய்வார்?

21. திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை பார்சல் போட்டால் இரண்டு நாள் ஏதாவது ஒரு கிடங்கில் வெந்துகொண்டிருக்கும். பொங்கல், தீபாவளி வாரம் வேண்டாம்.

22. தமிழ்நாட்டில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. பூஞ்சை நச்சும் அங்கே பார்க்கிறார்கள். கோழிப்பண்ணைக்காரர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் இடம் அது. இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டாரும் தயங்காமல் போகலாம். குஜராத்தில் ஆனந்த் நகரில் தேசியப் பால்வள வாரியத்தின் ‘காஃப்’ ஆய்வகமும் உண்டு. எங்கே அனுப்பினாலும் முன்கூட்டியே போன் செய்து கட்டணம், எத்தனை கிராம் வேண்டும், எந்த நாளில் வாங்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகச் செலவு செய்ய முடியாதவர்கள், ஒரே கடையில் புண்ணாக்கு வாங்கும் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே லோடுக்கு ஒரு பரிசோதனை செய்யலாம். பால் சொசைட்டிக் கூட்டத்தில் இதைக் கேட்டு வாங்குவதும் நம் உரிமைதான்.

23. அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எண்கள் ‘வந்த நிலையில்’ போட்டதா, ‘உலர்நிலையில்’ போட்டதா என்பது. இரண்டு தீவனத்தை ஒப்பிட உலர்நிலை எண்ணையும், எத்தனை கிலோ போடுவது என்று கணக்கிட வந்த நிலை எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக் கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2052 அளவுகோல் இருக்கிறது. முதல் வகையில் புரதம் 22 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமிலத்தில் கரையாத சாம்பல் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாம் வகையில் புரதம் 20, அந்தச் சாம்பல் 4. ஈரம் இரண்டிலும் 11 சதவீதத்துக்குள். அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்குள். அமிலத்தில் கரையாத சாம்பல் கூடினால் மணலோ உமியோ கலந்திருக்கிறது என்று பொருள். தவிட்டில் இதைக் கட்டாயம் பாருங்கள். புரதம் வழக்கத்துக்கு மீறி உயர்ந்திருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். யூரியா பரிசோதனை ஒன்றைச் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். மூன்றாம் குறிப்பில் போட்ட கணக்கைக் கலப்படக்காரரும் அறிவார்.

24. மாடு திடீரென்று விழுந்துவிட்டால் தொட்டியைக் கழுவாதீர்கள். பதற்றத்தில் எல்லாரும் செய்வது, மிச்சத் தீவனத்தை அள்ளிக் குப்பையில் கொட்டி மற்ற மாடுகளைக் காப்பாற்றப் பார்ப்பது. மற்ற மாடுகளை அவிழ்த்து அப்பால் கட்டுங்கள். தீவனம் அங்கேயே இருக்கட்டும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் வந்ததும் தொட்டியில் மிஞ்சியது, மூட்டையில் இருப்பது, குடித்த தண்ணீர், மேய்ந்த இடத்துப் பயிர் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து, கவரை ஒட்டி, சாட்சிகளின் கையெழுத்தோடு ஐஸில் வைக்க வேண்டும். வயிற்றுக்குள் இருப்பதை மருத்துவர்தான் எடுப்பார். செத்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுக்கவே கூடாது, தோலும் உரிக்கக் கூடாது.

25. எந்த மாதிரியையும் மூன்று பங்காக எடுங்கள் (பூஞ்சை நச்சு மாதிரியென்றால் ஒவ்வொரு பங்கும் 14ஆம் குறிப்பில் சொன்ன அளவுக்கு இருக்கட்டும்). ஒன்று ஆய்வகத்துக்கு. ஒன்று, வாங்கிய தீவனமாக இருந்தால், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒட்டி விற்றவரிடம். மூன்றாவது உங்கள் வீட்டில்: காய்ந்ததென்றால் காற்றுப்புகாத டப்பாவில் இருட்டான இடத்தில், ஈரமானதென்றால் குளிர்பெட்டியின் உறைபகுதியில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், சாப்பாட்டுப் பொருளோடு சேராமல் இருக்கட்டும். அந்த லோடு தீர்ந்து ஒரு மாதம் ஆகும்வரை அதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாங்கிய புண்ணாக்கு என்றால் இன்னும் ஒரு மாதம் கூட வைத்திருங்கள்.